கொடும்பாவிக்கு நான் வரைந்த முகம்

புதிதாக ஓவிய ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது, இந்த வேலையில் யாரும் உங்களைப் பெரிதாக மதிக்கப் போவதில்லை என்பதுதான். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு உங்களைத்தான் அனுப்புவார்கள். ஆண்டு விழாவுக்கு மேடைத் துணியில் எழுத்து எழுதுவதும், சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தைச் சுற்றி வண்ணப் பொடி போடுவதும் உங்கள் தலையில்தான் விழும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலைக்காலம் முழுவதும் இதையெல்லாம் செய்து ஓய்ந்தவன் சொல்கிறேன், இதற்காக வருத்தப்படாதீர்கள். வருத்தப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன.

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியத்தில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறாராம். படத்தோடு ‘இதை எப்படி வரைந்தேன்’ என்று ஒரு பக்கம் எழுதவும் சொல்லியிருக்கிறார். வகுப்பு மொத்தமும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறது: ‘முதலில் பென்சிலால் வரைந்தேன். பிறகு வண்ணம் தீட்டினேன்.’ “இதுக்கு என்ன சார் மார்க் போடுறது?” என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து நான் வெளியே வந்த கதையை அவருக்குச் சொன்னேன். அவருக்கு மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனம் வராததால், உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் ஓவியப் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்கும் பந்தல்குடிக்கும் நடுவே கரிசல் காட்டுக்குள் கிடக்கும் சின்னக் கிராமம். அப்பா அங்கே கடை வைத்திருந்தார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, மண்ணெண்ணெய், கருப்பட்டி என்று கலந்த வாடை அடிக்கும் கடை. மகன் படம் போடப் படிக்கிறான் என்பது அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் “மெட்ராஸ்ல படிக்கான்” என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

எனக்குக் கை நன்றாக ஓடும். காலண்டர் படமோ, தபால் தலையோ, எதிரே இருக்கிற ஆளோ, எதைக் காட்டினாலும் அச்சு அசலாக இறக்கிவிடுவேன். அந்தத் தலைக்கனத்தோடுதான் கடைசி வருஷத்துக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு முப்பது படம் வரைய வேண்டும். கூடவே ஒரு நோட்டில், ஒவ்வொரு படமும் உனக்குள் எப்படி வந்தது என்று எழுத வேண்டும். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் என் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “கை எல்லாத்துலயும் இருக்கு. நீ ஒண்ணுலயும் இல்லையே” என்றார். சொந்த ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்து வரைந்துகொண்டு வா என்று அனுப்பினார். இதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் புண்ணாக்கு நிறுக்க வேண்டியதுதான். அவர் சொன்னது புரியாமல், கோபத்தோடு ரயில் ஏறினேன்.

நான் ஊருக்கு வந்தது புரட்டாசியில். கரிசல் காட்டில் அப்போது மழைக்கு முன்னாலேயே விதைத்துவிடுவார்கள். புழுதிக்குள் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். அந்த வருஷம் வானம் வெளிறிப் போய்க் கிடந்தது. காலையில் கீழ்த்திசையில் மேகம் கூடும். பத்து மணிக்கெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியாது. வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண்ணில் நடந்தால், தூரத்தில் கானல் தண்ணீராக அலையடிக்கும். பக்கத்தில் போனால் பின்வாங்கும். அதன் பின்னாலேயே இரண்டு மூன்று நாட்கள் காகிதமும் கையுமாகத் திரிந்தேன். ஒன்றும் வரையவில்லை. எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்படித் திரிந்தபோதுதான் கண்மாய்க் கரையில் அந்தப் புகையைப் பார்த்தேன். அழகம்மா அக்கா கரிமூட்டம் போட்டிருந்தார். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மேலே இலைதழை பரப்பி, மண்ணால் மெழுகி, உள்ளே தீயைப் புகைய விடுவதுதான் மூட்டம். நாலைந்து நாள் எரியாமல் வேக வேண்டும். எங்கேயாவது வெடிப்பு விட்டுக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் அவர் மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வெடிப்பு கண்ட இடத்தில் ஈர மண்ணை அப்பிக்கொண்டே இருப்பார். முப்பது வயது இருக்கும். கமுதிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். புருஷன் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. இவர் பிறந்த ஊருக்கும் போகவில்லை. ஊர் ஓரத்தில் ஒரு குடிசையும் இந்த மூட்டமும்தான் அவருக்கு.

முள் அடர்ந்த ஓர் உடை மரத்து நிழலில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். அந்த நாட்களை இப்போது நினைத்தால் எது முதலில், எது பிறகு என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. வெள்ளைப் புகை மெதுவாக மேலே போகும். அதற்குள் அவர் மறைவார், தெரிவார், மறுபடி மறைவார். சில நேரம் ஒரு கை மட்டும் தெரியும். வெயில் ஏற ஏற அந்த இடமே மண்ணிலிருந்து அரையடி உயர்ந்து மிதப்பதாகத் தோன்றும். நான் வரைந்துகொண்டிருக்கிறேனா, தூங்கிவிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வரும். கண் விழித்துப் பார்த்தால் மடியில் ஒரு படம் முடிந்து கிடக்கும். சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். பசியே தெரியவில்லை.

நான் வாங்கி வந்திருந்த கரிக்குச்சிகள் ஒரே வாரத்தில் தீர்ந்துபோயின. மூட்டம் பிரித்த அன்று அவர் விரல் பருமனில் நாலைந்து கரிக்குச்சிகளைப் பொறுக்கி எடுத்து வந்து, சற்றுத் தள்ளியே நின்று நீட்டினார்.

“இதுல எழுதுமா தம்பி?”

“நல்லா எழுதும்க்கா.”

“தெனமும் வந்து ஒக்காந்திருக்கிகளே, மூட்டத்தவா போடுறிக?”

“ஆமாக்கா. மூட்டத்தத்தான்” என்றேன்.

அது பொய். மூட்டத்தை நான் ஓரத்தில் ஒரு மேடாகத்தான் போட்டிருந்தேன். படம் முழுவதும் அவர் முகம். புகைக்காகக் கண்ணை இடுக்கிக்கொள்வது அவர் பழக்கம். இரண்டு கோடாகச் சுருங்கிய அந்தக் கண்களும், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயும் என் கைக்கு அவ்வளவு பிடித்துப்போயின. நாற்பது நாளில் இருபத்தொன்பது படங்கள் சேர்ந்துவிட்டன. நோட்டில் என்ன எழுதினேன் என்று கேட்கிறீர்களா? ‘முதலில் கரியால் கோடு இழுத்தேன். பிறகு நிழல் கொடுத்தேன்.’

இதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. மழை இல்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஊர்ப்பேச்சு காதில் விழும். பால்ச்சாமி என்று ஒருவர், கண்மாயை ஒட்டிப் புஞ்சை வைத்திருந்தவர், ஒருநாள் வந்து நின்று, “மேகம் நல்லாத்தான் கூடி வருது. அந்தக் கரிக்காரி பொகை போயி முட்டிக் கலைச்சு விட்டுருது” என்றார். அப்பா பருத்திக்கொட்டையை அளந்து போட்டார். பால்ச்சாமி கெட்டவர் இல்லை. அவருடைய விதை முழுக்கப் புழுதிக்குள் கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் நாலு நாளில் அதே பேச்சை இன்னும் இரண்டு மூன்று வாய்களில் கேட்டேன். கேட்டுவிட்டு மறுநாளும் உடை மரத்தடிக்கு வரையப் போனேன். அந்தப் பேச்சை நான் அழகம்மா அக்காவிடம் சொல்லவே இல்லை.

மழை இல்லாத வருஷங்களில் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டி இழுப்பது உங்கள் வீட்டில் வயதானவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஊரில் எவரோ செய்த பெரும் பாவத்தால்தான் வானம் பொய்த்தது என்று, வைக்கோலால் ஓர் உருவம் செய்து, அதைத் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஊர் எல்லையில் கொண்டுபோய் எரித்துவிட்டுத் தலை முழுகுவார்கள். அந்த உருவத்துக்குத் தலை, சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய பானை. அதில் கரியால் முகம் எழுதுவார்கள். இரண்டு வட்டம் கண், சீப்பு மாதிரி பல்வரிசை, தொங்குகிற நாக்கு. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அது ஏன் அவ்வளவு மோசமாக இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வழக்கமாக முகம் எழுதுகிறவர் அந்த வருஷம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஊர் நாட்டாமை கடைக்கு வந்து அப்பாவிடம் பேசினார்.

“ஓம் மகன் மெட்ராஸ்ல படம் போடத்தான படிக்கிறாப்ல? அவரு ஒரு மொகம் எழுதித் தரட்டுமே.”

அப்பாவின் முகத்தில் அன்றைக்கு ஒரு பெருமை தெரிந்ததைப் பார்த்தேன். என் படிப்பை ஊர் முதன்முதலாக ஒரு வேலைக்குக் கேட்கிறது. “எழுதுவான், எழுதுவான். என்னலே?” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் மதியம் ஊர் கூடும் மந்தையில் வேப்பமரத்தடியில் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுண்ணாம்பு காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. வட்டக்கண்ணும் சீப்புப்பல்லும் எழுதுவதற்கா நான் மெட்ராஸ் போனேன்? உயிருள்ள ஒரு முகம் போட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். வேப்பங்காற்று வீசிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடிய மயக்கத்தில் கை தானாகப் போயிற்று. உடை மரத்தடியில் வருமே, அந்த மிதப்பு இங்கேயும் வந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்காது. முடித்துவிட்டு, தள்ளி வைத்துப் பார்த்து, எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒரு பெண்தான் முதலில் பார்த்தாள். குடத்தோடு நின்றுவிட்டாள்.

“ஏ ஆத்தி! இது நம்ம அழகம்மால்ல!”

அப்போதுதான் நான் பார்த்தேன். இடுக்கிய கண். ஒரு பக்கம் இழுத்த வாய். நாற்பது நாள் பழகிய கை, கேட்காமலேயே அவரைக் கொண்டுவந்து பானையில் வைத்துவிட்டது. அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள், பிறகு இருபது பேர். பால்ச்சாமி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவன் வேணும்னா போட்டான்? படிக்கிற புள்ள, இவனுக்கு ஊர்ச் சங்கதி என்ன தெரியும்? சாமி இவன் கையப் புடிச்சுக் காட்டியிருக்கு. யாரு பாவம்னு காட்டிருச்சுப்பா.”

“மூட்டம் போட்டதுலருந்துதான மழையக் காணோம்” என்றது இன்னொரு குரல்.

“ஊர விட்டு அனுப்புங்க அவள” என்றது மூன்றாவது குரல்.

கூட்டத்தின் ஓரத்தில் அழகம்மா அக்கா நின்றுகொண்டிருந்தார். கொடும்பாவிக்கு வைக்கோல் கொண்டுவந்து போடச் சொல்லியிருந்தார்கள் போல, தலையில் ஒரு கட்டு இருந்தது. அதை இறக்கவில்லை. பானையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் என்ன செய்திருக்க முடியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இது அவர் இல்லை என்று சாதிக்கலாம். யார் நம்புவார்கள்? வீட்டுப் பரணில் இருபத்தொன்பது சாட்சி கிடக்கிறது. சட்டென்று அழித்துவிடலாம். கையை நீட்டினேன், “தொடாதலே! சாமி காட்டினத அழிக்கப்படாது” என்று பால்ச்சாமி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உடைத்துவிட்டு ஓடலாம். ஓடினால் அந்தப் பேச்சு உறுதியாகிவிடும். அழகம்மா அக்காவுக்குப் போக இடம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எனக்கு இருபத்திரண்டு வயது. மறுபடியும் பானையைப் பார்த்தேன். அந்த இடுங்கின கண்களுக்குள் நான் பாவை வைக்கவில்லை. வெறும் இரண்டு கோடுகள்.

“இன்னும் வேல முடியலைய்யா” என்றேன்.

நாட்டாமை “என்னப்பா?” என்றார்.

“கண்ணு தொறக்கலை. பாருங்க, ரெண்டும் மூடியில்ல கெடக்கு. கண்ணு தொறக்காத மொகம் யாரு மொகம்னு எப்படிச் சொல்ல முடியும்? கோயில்ல சாமிக்கே கண்ணு தொறந்த பெறகுதான சாமி?”

கூட்டத்தில் ஒரு தயக்கம் வந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கண் திறக்கும் வரை சிலை வெறும் கல்தான், செய்கிறவனுக்குத்தான் அது சொந்தம். நாட்டாமை தலையை ஆட்டினார். “சரிதான். வேல செய்யுறவன் முடிக்கட்டும். கைய விடு பால்ச்சாமி.”

வேலை செய்கிறவனுக்கு ‘இன்னும் முடியவில்லை’ என்று சொல்லும் உரிமை உண்டு. எனக்குத் தெரிந்து அவனுக்கு வேறு பெரிய உரிமை எதுவும் இல்லை. அதை வேளையறிந்து பயன்படுத்துங்கள்.

முடிக்கச் சொல்லிவிட்டார்கள். எதை வரைந்து முடிப்பது? கரியை எடுத்தால் கை மறுபடியும் அந்த முகத்துக்குத்தான் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்தக் கைக்குத் தெரியாத ஒரு முகம் வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இடது கையை என் முகத்தில் வைத்தேன். நெற்றி, மூக்கு, புருவத்தில் பழைய தழும்பு, அப்போதுதான் அரும்பியிருந்த மீசை. விரல் தொட்ட இடத்தையெல்லாம் வலது கை அந்தக் கோடுகளின் மேலேயே எழுதிக்கொண்டு போயிற்று. எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. சுற்றி ஆட்கள் நிற்பதே மறந்துவிட்டது. வேப்பமரத்தின் சத்தம் மட்டும் எங்கேயோ உயரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் என் இமைகளைத் தொட்டுப் பார்த்து, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து பாவை வைத்தேன்.

யாரோ சிரித்தார்கள்.

“ஏலே, இது இவனேல்ல!”

“ஏம்ப்பா, ஒன்னையவே போட்டுட்ட?” என்றார் நாட்டாமை.

“எனக்கு எம் மொகந்தான் தெரியும்யா. இதத்தான் சாமி காட்டுச்சு. இழுங்க” என்றேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை, அழுதுவிடுவேன் போல இருந்தது.

கடைக்காரர் மகனைப் பாவி என்று பால்ச்சாமியால் சொல்லவும் முடியாது, சாமி காட்டியது என்ற தன் பேச்சை மாற்றவும் முடியாது. இளவட்டங்கள் பானையை எடுத்து வைக்கோல் உடம்பில் பொருத்திவிட்டார்கள். ஒப்பாரி வைக்கப் பெண்கள் வந்து கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் வந்தாள்.

அம்மாவுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவள், கயிற்றில் கட்டிக் கிடந்த உருவத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிள்ளை முகத்தைப் பிணமாக இழுத்துப்போக, பின்னால் மாரடித்துக்கொண்டு வர வேண்டும். என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் எடுத்து வந்த பெண்ணின் குடத்தில் முந்தானையை முக்கி எடுத்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, சின்ன வயதில் எனக்கு முகம் துடைத்துவிடுவது மாதிரியே, அந்தப் பானையை அழுந்தத் துடைத்தாள்.

“சாமி காட்டுனது…” என்று ஆரம்பித்தார் பால்ச்சாமி.

“சாமி எங்கிட்ட வந்து சொல்லட்டும். எம் புள்ள உசுரோட இருக்கான்” என்றாள் அம்மா.

நாட்டாமை கையை உயர்த்தினார். “பெத்தவ அழிச்சுட்டா. அதுக்கு மேல யாரும் பேசாதிக. இப்படியே இழுங்க.”

இழுத்துப் போனார்கள். நான் பின்னாலேயே நடந்தேன். கரியும் சுண்ணாம்பும் கரைந்து பானையில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம் இருந்தது. அழகம்மா அக்காவின் கண் எங்கேயோ அடியில் கொஞ்சம், என் மூக்கு கொஞ்சம், அதன் மேல் அம்மாவின் விரல் தடங்கள். பார்க்கப் பார்க்க அது யாரும் இல்லை, ஆனால் முகம்தான். புழுதியில் புரண்டு புரண்டு அது போவதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். வட்டக்கண்ணும் சீப்புப்பல்லும் எதற்காக என்று அப்போது புரிந்தது. யார் மேலும் பழி விழாத ஒரு முகத்தைத்தான் எங்கள் ஊர் இத்தனை காலமாக எழுதி வந்திருக்கிறது. அதைத்தான் நான் வரையத் தெரியாதவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் பரணில் இருந்த இருபத்தொன்பது படங்களையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். அழகம்மா அக்கா புது மூட்டம் அடுக்கி முடித்திருந்தார். தீ வைக்கும் வாயைப் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்தார்.

“மூட்டத்தப் போடுறதாத்தான சொன்னிக தம்பி?” என்றார். கோபமில்லாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நான் இவ்வளவு காலம் அதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

படங்களை அவர் முன்னால் வைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் நாந்தான்.”

“ஆமாக்கா. கேக்காமப் போட்டுட்டேன். நீங்க என்ன சொன்னாலும் சரி.”

“இதெல்லாம் மெட்ராஸ்ல நாலு பேரு பாப்பாகளோ?”

“பாப்பாக.”

“வேணாம் தம்பி. எம் மூஞ்சி இந்த ஊருலயே பட்டது போதும்.”

முதல் படத்தை எடுத்து மூட்டத்தின் வாயில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். கிழிக்கும் முன்னால், “இது என்னிக்குப் போட்டது?” என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்குக் காற்று மாறி அடித்ததையும், எனக்குக் கண் எரிந்ததையும், அவர் இருமியதையும், அந்த இருமலைக் கேட்டுத்தான் கழுத்துக் கோட்டை இழுத்ததையும் சொன்னேன். அது எரிந்ததும் அடுத்ததை எடுத்தார். “இது?” அதையும் சொன்னேன். அன்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன், அதனால்தான் கோடெல்லாம் அழுத்தமாக இருக்கிறது. அடுத்தது தூக்கத்தில் பாதி வரைந்தது. இன்னொன்று, ஊர்ப்பேச்சைக் கடையில் கேட்டுவிட்டு அவரிடம் சொல்லாமல் மறைத்த நாளில் வரைந்தது. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். பிறகு அதையும் தீக்குக் கொடுத்தார். இருபத்தொன்பதும் முடியும் வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். எந்தப் படமும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அத்தனையும் தெரிந்திருந்தது. கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைகள் ‘பிறகு வண்ணம் தீட்டினேன்’ என்று எழுதினால் மார்க்கைக் குறைக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “இது என்னிக்குப் போட்டே?” என்று கேளுங்கள்.

எல்லாம் எரிந்து மூட்டம் பற்றிக்கொண்டதும் கிளம்பினேன். “இருங்க தம்பி” என்றார் அக்கா. கண்மாயில் குட்டையாகக் கிடந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். முடியை அள்ளி முடிந்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். புகை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததால் கண்ணை இடுக்கவில்லை. பெரிய கண்கள். நாற்பது நாளில் ஒருநாளும் நான் பார்க்காத கண்கள்.

“இப்பப் போடுங்க” என்றார்.

எனக்குக் கை வரவில்லை. பழகிய கோடு ஒன்றுகூட உதவவில்லை. முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை மாதிரி, இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து, மதியம் வரை ஒரே படத்தோடு போராடினேன். கண்ணை மூடி என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சரியாக வராதபோது அம்மா மாதிரி ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் மிச்சம் நின்றதை வைத்துக்கொண்டு மேலே போனேன். பிற்காலத்தில் நான் வரைந்த ஒவ்வொரு படமும் இந்த வழியில் வந்ததுதான். என் வழி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை.

முடித்துக் காட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“யாருன்னே தெரியலையே தம்பி” என்று சிரித்தார். “அப்பச் சரி. கொண்டு போங்க.”

மழை பெய்ததா என்று கேட்பீர்கள். ஐப்பசி கடைசியில் பெய்தது. பாதி விதை பிழைத்தது. கொடும்பாவியால் பெய்தது என்றார்கள் சிலர், கடைக்காரர் பெண்டாட்டி அழிச்சாட்டியத்துக்குப் பயந்து பெய்தது என்றார்கள் சிலர். பால்ச்சாமி அந்த வாரமே கடைக்கு வந்து, “கரிக்காரி வீட்டுக் கூரை ஒழுகுதாம்ல, நாலு கட்டு வைக்கோல் கெடக்கு, போட்டுவிடவா?” என்று அப்பாவிடம் யோசனை கேட்டார். மகன் முப்பது படத்தில் இருபத்தொன்பதை எரியக் கொடுத்துவிட்டு வந்தது தெரிந்தும் அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அங்கன என்ன சொன்னாலும் தலையத் தொங்கப் போடாத” என்று மட்டும் சொன்னார்.

மெட்ராஸில் முப்பது படம் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வைத்தேன். நோட்டில் மட்டும் முப்பதுக்கும் எழுதியிருந்தேன். தேறினேன், மூன்றாம் வகுப்பில். ஆனால் மார்க்கைச் சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை.

ஆசிரியர் முதலில் நோட்டைத்தான் எடுத்தார். படத்தை நான் காகிதம் சுற்றி மேசையில் வைத்திருந்தேன், அதைத் தொடவே இல்லை. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். கோடு எப்படி இருக்கிறது, ஒரே படம்தானா, மற்றதெல்லாம் எங்கே என்று கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் நோட்டை மூடி, கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தம்மா இப்ப அந்த ஊர்லதான் இருக்காங்களா?”

“இருக்காக சார். நான் பஸ் ஏறும்போது பொகை தெரிஞ்சுது.”

“அப்போ சரி” என்று கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “இப்பப் படத்தைப் பிரி, பார்க்கலாம்.”